ஸ்பைடர் பிளான்ட் குட்டிகள் அழுகாமல் வேர்பிடிக்க

நர்சரியில் வாங்கிய ஒரே ஒரு ஸ்பைடர் பிளான்ட், இன்று எங்கள் பிளாட்டில் 11 தொட்டிகளாகப் பெருகி நிற்கிறது. நடுவே 7 குட்டிகளை (தண்டு நுனியில் வரும் சிறு செடிகளை) அழுகவிட்டேன். ஏழும் ஒரே தப்பால் போனவை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1. இடமும் தண்ணீரும்

வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் வேண்டாம். கிழக்கு ஜன்னலிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தால் போதும். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர்கள் வெள்ளையாக, குட்டித் தண்ணீர்விட்டான் கிழங்கு போலப் பருத்திருக்கும் (இரண்டும் ஒரே குடும்பம்தான்). தண்ணீரை அங்கேதான் சேர்த்துவைக்கிறது. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தாலும் தாங்கும். தினம் ஊற்றினால் தாங்காது. விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

2. மண்

செம்மண் 2 பங்கு, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 1, மண்புழு உரம் 1. கோகோபீட்டை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டியை யார் பரிசாகக் கொடுத்தாலும் பேனா போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. குட்டியை எடுப்பது

நீளத் தண்டின் நுனியில் தொங்கும் குட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பயறு முளைவிட்டது போல வெள்ளை முண்டுகள் தெரிந்தால் தயார். தெரியாவிட்டால் காத்திருங்கள்.

4. நான் சொதப்பிய இடம்

வெட்டிய குட்டிகளை டம்ளர் தண்ணீரில் அப்படியே போட்டேன். பாதி முங்கிக் கிடந்தன. நான்காம் நாள் பழைய பூஜாடித் தண்ணீர் வாடை. ஒன்றைத் தூக்கினேன், நடுக்குருத்து மட்டும் வழுவழுவென்று கையோடு வந்தது. இலைகள் சேருமிடத்தில் தண்ணீர் தேங்கினால் அப்படித்தான் ஆகும்.

வாய் குறுகிய பாட்டில்தான் இதற்குச் சரி. இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்தேன். இலைகள் பாட்டில் வாயில் உட்கார்ந்துகொள்ளும்; வெள்ளை முண்டுகளின் நுனி மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். பத்து நாளில் வேர் ஓர் அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று ஒன்றை ஒரு மாதம் விட்டுவைத்தேன். மண்ணுக்குப் போனதும் துவண்டு, தேற வெகுநாள் ஆனது.

5. எனக்குப் பிடித்த வழி

வெட்டவே வேண்டாம். தாய்ச்செடி பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி வைத்து, குட்டியை மண்மேல் உட்காரவைத்து, பச்சை ஈர்க்குச்சியைக் கொண்டை ஊசி போல வளைத்து, தண்டை அணைத்தபடி மண்ணில் குத்திவிடுங்கள். மூன்று வாரம் கழித்து லேசாக இழுத்துப் பாருங்கள். விடாமல் பிடித்துக்கொண்டால் தண்டை நறுக்கிவிடலாம். இப்படி வைத்ததில் ஒன்றுகூடப் போகவில்லை. வேர் வளர்க்கும் பவுடர் தண்டச் செலவு.

பின்சேர்க்கை

இலை நுனி பழுப்பாகிறது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்புதான். ஒருவர் வீணாக்க மனமில்லாமல் ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை ஊற்றிவந்திருக்கிறார். உப்பெல்லாம் அதில்தானே சேர்கிறது! மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். பழுத்த நுனி பச்சையாகாது, கத்தரித்துவிடலாம்.

இன்னொருவர் வீட்டில் செடி தளதளவென்று இருக்கிறதாம், குட்டியே விடவில்லையாம். ஹாலில் நள்ளிரவு வரை டியூப்லைட் எரிவதாகச் சொன்னார். குட்டிகள் வருவது பூந்தண்டில்தான்; அதை விட இதற்கு நீண்ட இருட்டு வேண்டும்: தொடர்ந்து மூன்று வாரமாவது, பகல் வெளிச்சம் 12 மணி நேரத்துக்குக் குறைவாக. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் லைட் போடாத அறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். தண்டு விட்டால் எழுதுகிறேன்.