மவுண்டிலிருந்து கிஃப்ட் ராப்: எதிராளியின் கையாலேயே அவரைக் கட்டிப்போடுவது எப்படி?

தரையில் பிடித்து அடக்கும் மல்யுத்தக் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் மவுண்ட் (மல்லாந்து கிடக்கும் எதிராளியின் மேல் இருபுறமும் கால் போட்டு உட்காரும் நிலை) கிடைத்துவிடும், அப்புறம் என்ன செய்வதென்றுதான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புரியாது. கீழே இருப்பவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்திருப்பார். அவசரப்பட்டுக் கழுத்துக்குப் போனால் இடுப்பைத் தூக்கி நம்மை உருட்டிவிடுவார். அந்த நேரத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கிஃப்ட் ராப். அவருடைய கையை அவர் கழுத்தின் மேலேயே துண்டு போலச் சுற்றி, நம் கையை அவர் தலைக்குப் பின்னால் விட்டு, அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும் பிடி இது. சரியாக விழுந்தால் அவருடைய ஒரு கை முடங்கிவிடும், இன்னொன்று உடம்புக்கு அடியில் போய்விடும். நமக்கோ ஒரு கை சும்மா இருக்கும்.

குழப்பம் வராமலிருக்க, அவருடைய வலது கையைப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. முதலில் மேலே ஏறுங்கள். இடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தால் இது நடக்காது. உங்கள் முழங்கால்கள் அவர் அக்குள் வரை நகர வேண்டும். அவர் முழங்கைகள் தரையை விட்டுக் கிளம்பினால் போதுமான அளவு ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

2. முழங்கையை நடுக்கோட்டைத் தாண்டவிடுங்கள். மொத்த வேலையும் இங்கேதான். உங்கள் வலது கையால் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, அவர் இடது தோள் பக்கம் இழுங்கள். அதே சமயம் இடது உள்ளங்கையால் முழங்கைக்குச் சற்று மேலே, பின்கைச் சதையில் தள்ளுங்கள். வெறும் மணிக்கட்டை மட்டும் இழுத்தால் பலசாலி ஒருவர் சுலபமாகத் திரும்ப இழுத்துக்கொள்வார். முழங்கை அவர் மூக்குக்கு நேராக வந்ததும் உங்கள் மார்பை அதன் மேல் சாய்த்துவிடுங்கள். இப்போது அந்தக் கையைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் எடை, கைப்பலம் அல்ல. அவர் நெஞ்சைத் தள்ளும்போது இதைச் செய்தால் பாதி வேலையை அவரே செய்து கொடுத்துவிடுவார்.

3. கையை மாற்றுங்கள். இடது கையை அவருடைய வலது காதுப் பக்கமாகத் தலைக்கு அடியில் நுழைத்து, மறுபக்கம் வெளியே எடுங்கள். வலது கையில் இருக்கும் மணிக்கட்டை அதனிடம் கொடுங்கள். மார்பை மட்டும் தூக்கிவிடாதீர்கள். கி (ஜியு-ஜிட்சு சீருடை) அணிந்திருந்தால் சட்டைக் கையையும் பிடிக்கலாம், ஆனால் அதன் வாய்க்குள் விரல்களை விடக் கூடாது, சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி அது தவறு.

4. பக்கவாட்டில் திருப்புங்கள். மணிக்கட்டை உங்களை நோக்கி இழுத்தால் அவர் இடது பக்கமாகச் சாய்வார். உங்கள் இடது முழங்கால் அவர் தலைக்குப் பின்னால், வலது பாதம் அவர் வயிற்றுக்கு முன்னால். இதுதான் டெக்னிக்கல் மவுண்ட்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் இடது கை அவர் தலைக்கடியில் மாட்டியிருப்பதால், அந்தப் பக்கம் உருட்டினால் ஊன்றக் கை கிடையாது. அதனால் அவரைத் திருப்பும் வரை இடது முழங்காலை அகலமாக வைத்திருங்கள். அனுபவசாலிகள் அந்தப் பக்கம்தான் இடுப்பைத் தூக்குவார்கள்.

இன்னொன்று, இழுப்பை மெதுவாகக் கூட்டுங்கள். அவர் கையே அவர் தொண்டையை அழுத்தும், தோளும் திருகும். டேப் செய்ய, அதாவது தோற்றதாகத் தட்டிக் காட்ட, அவருக்கு ஒரு கைதான் மிச்சம், அதுவும் சில சமயம் அடியில் சிக்கியிருக்கும். வாயால் சொன்னாலும், காலால் தரையைத் தட்டினாலும் உடனே விட்டுவிட வேண்டும்.

இதன் பிறகு ஆர்ம்பார் (முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் பிடி) உண்டு, கழுத்து நெரிப்பு உண்டு. ஆரம்பத்தில் முதுகை எடுப்பதோடு, அதாவது அவர் பின்னால் போய்ப் பிடித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலது கால் ஏற்கெனவே முன்னால் இருக்கிறது, பின்னால் உட்கார்ந்து இடது ஹூக்கையும் (அவர் தொடைக்குள் கொக்கி போல மாட்டும் பாதம்) போட்டால் வேலை முடிந்தது. ஐபிஜேஜேஎஃப் போட்டியில் கிஃப்ட் ராப்புக்கென்று தனிப் புள்ளி கிடையாது. மவுண்டுக்கு 4, இரண்டு ஹூக்கும் போட்ட முதுகுக்கு 4, ஒவ்வொன்றையும் 3 விநாடி நிலையாக வைத்திருக்க வேண்டும்.

பயிற்சிக்கு: மூன்றாவது படியிலிருந்து தொடங்கி, பார்ட்னரை முழங்கையைத் தரைக்கு இறக்க மட்டும் முயலச் சொல்லுங்கள். அவர் தப்பிப்பதற்கான சரியான வழியும் அதுதான், ஆக இருவருக்கும் பயிற்சி. எதிர்ப்பை மெல்ல மெல்லக் கூட்டச் சொல்லுங்கள். முழங்கை கீழே இறங்கிவிட்டால் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்காதீர்கள், விட்டுவிட்டு மறுபடி மவுண்டில் மேலே ஏறுங்கள்.