முதல் குறும்படத்தை இயக்கும் மாணவருக்கு

இயக்குநராக விரும்பும் மாணவர், இரண்டு பாத்திரங்களும் ஒரு வீடும் போதுமான கதையையே முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் நடிப்பைக் கவனிக்க நேரம் கிடைக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் எடுக்கும்போது ஷட்டரை (ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா ஒளியை உள்வாங்கும் நேரத்தை) 1/50 நொடியில் வைத்தால், டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்காது. இருவர் பேசும் காட்சியில், அவர்களை இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் கேமரா நிற்க வேண்டும்; தாண்டினால், எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் திரையில் தெரியும்.

பெரும்பாலும் அலட்சியப்படுத்தப்படுவது ஒலிதான் (டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை நம்மிடம் சற்று அதிகம்). படப்பிடிப்பு முடிந்ததும் அனைவரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெற்று ஒலியை 30 நொடி பதிவுசெய்தால், வசனங்களுக்கு இடையிலான வெட்டுகளைப் படத்தொகுப்பில் அது மறைத்துவிடும். உதவி இயக்குநர் வாய்ப்புக் கேட்டுச் செல்லும்போது, படத்துடன், அதில் தாம் செய்த வேலை எது என்பதையும் ஒரே வரியில் தெரிவிக்க வேண்டும்.