ஓய்வுநாளை ஆறாம் நாளிலேயே தொடங்குங்கள்

ஓய்வுநாளை அனுசரிக்க முயன்று கைவிட்டவர்கள் பெரும்பாலும் அந்த நாளையே குறை சொல்வார்கள். ஆராதனை முடிந்து வீடு திரும்பினால் சமையல், துவைக்காத துணி, அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம். கோளாறு முந்தின நாளில் இருக்கிறது. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவாகிய மன்னாவுக்குக் கொடுக்கப்பட்ட ஒழுங்கைப் பாருங்கள். மற்ற நாட்களில் ஆளுக்கு ஒரு ஓமர் (அந்நாளின் ஒரு அளவு), ஆறாம் நாளில் இரண்டு ஓமர். சுட வேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து, மறுநாளுக்கு எடுத்து வைக்க வேண்டும். ஓய்வுநாள் கட்டளை அடங்கிய பத்துக் கட்டளைகள் வருவதோ 20-ஆம் அதிகாரத்தில்தான். கட்டளைக்கு முன்பே ஆயத்தம் பழக்கப்பட்டுவிட்டது.

நேரத்தைக் குறித்தல்

24 மணி நேரத்தைச் சாயங்காலத்திலிருந்து சாயங்காலம் வரை எண்ணுங்கள். உதாரணமாக, சனி மாலை 6 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் நாள் சாயங்காலத்தில்தான் பிறக்கிறது. இதில் நடைமுறை லாபம் இரண்டு. ஓய்வு தூக்கத்தோடு தொடங்கும். ஞாயிறு இரவு திங்கட்கிழமைக்கு ஆயத்தப்படுவது ஓய்வை மீறுவதாகவும் ஆகாது.

எந்தக் கிழமை என்பதில் சபைகள் ஒத்துப்போவதில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் சனிக்கிழமையையும், பெரும்பாலான சபைகள் ஞாயிற்றுக்கிழமையையும் கைக்கொள்கின்றன. ரோமர் 14:5 இதில் அவரவர் மனதில் நிச்சயித்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளாக இருக்கட்டும். சோவியத் யூனியன் 1929-இல் தொழிலாளர்களுக்கு ஐந்து நாள் சுழற்சியில் ஆளுக்கொரு விடுமுறை கொடுத்தது. கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள். ஓய்வு இருந்தது, சேர்ந்திருக்கத்தான் வழியில்லை. 1940-இல் ஏழு நாள் வாரத்துக்கே திரும்பினார்கள். ஷிப்ட் வேலையில் ஒரே நாள் வாய்க்காவிட்டால், எல்லோரும் வீட்டிலிருக்கும் நாலு மணி நேரத்தையாவது பொதுவாகக் குறித்துக்கொள்ளுங்கள். முழு நாளையும் ஒரேயடியாக ஒதுக்க முடியாதவர்களும் அந்த நாலு மணி நேரத்தில் தொடங்கி, மாதத்துக்கு இரண்டு மணி நேரம் கூட்டலாம்.

ஆறாம் நாள் வேலை

வாரத்தின் கடைசி வேலைநாளில், கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பு ஒரு காகிதத்தை எடுங்கள். முடியாத வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திங்களன்று எடுத்துவைக்க வேண்டிய முதல் அடியையும் குறியுங்கள். "அறிக்கை" என்று மட்டும் எழுதினால் மனம் அதைச் சுமந்துகொண்டே இருக்கும். "அறிக்கை: மூன்றாம் பக்கக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதினால் இறக்கி வைக்கும். இந்தக் காகிதம் வேலையிடத்திலேயே இருக்கட்டும்.

கூட வேலை செய்பவர்களுக்கு ஒரு வரி போதும்: "சனி மாலை 6 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை செய்திகளைப் பார்க்கமாட்டேன், அவசரமானால் அழையுங்கள்." நீண்ட விளக்கம் கொடுத்தால் பேரத்துக்கு வழிவிடும்.

வீட்டில் இரண்டு வேளைச் சமையலைச் சேர்த்துச் செய்வது, ஆராதனைக்கான உடை, காணிக்கை, வண்டிக்குப் பெட்ரோல் எல்லாம் மாலை 6 மணிக்குள் முடிய வேண்டும். செல்பேசியை வேறு அறையில் வையுங்கள். ஒலியை மட்டும் நிறுத்தினால் கை தானாக அதைத் தேடும். சபைக்கு அச்சிட்ட வேதாகமத்தையே எடுத்துச் செல்லுங்கள். வசனம் தேடித் திறந்த செல்பேசியில் கடைசியில் அலுவலகச் செய்திக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்போம்.

எது வேலை, எது ஓய்வு?

பட்டியல் போட்டால், சட்டத்தின் எழுத்தையே பிடித்துக்கொண்ட பரிசேயராகிவிடுவோம். அதைவிட, கட்டளைக்கு வேதாகமம் சொல்லும் இரண்டு காரணங்களை வைத்து அளந்து பாருங்கள். யாத்திராகமம் 20-இல் காரணம் சிருஷ்டிப்பு: கர்த்தரே ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5-இல் காரணம் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை: அடிமைக்கு விடுமுறை கிடையாது, நீ இப்போது அடிமை இல்லை. ஆகவே ஒரு காரியத்தைச் செய்யாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் செய்கிறீர்களென்றால் அது வேலை. நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவருக்குத் தோட்டத்தில் மண்ணைக் கிளறுவது இளைப்பாறுதல். விவசாயிக்கு அது வயிற்றுப்பாடு.

ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த எருதைத் தூக்கிவிடலாம் என்பது லூக்கா 14:5-இல் நமக்குப் பிடித்த வசனம். ஆனால் வாரந்தோறும் எருது விழுந்தால், கிணற்றுக்குச் சுவர் எழுப்பவில்லை என்றுதான் அர்த்தம்.

சறுக்கும் இடங்கள்

வீடே ஓய்வெடுக்க, ஒருத்தி மட்டும் அடுப்படியில் நிற்பதுதான் அடிக்கடி நடப்பது. வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல" இளைப்பாற வேண்டும் என்று உபாகமம் 5:14 சொல்கிறது. வேலைக்காரிக்கே அப்படியென்றால் அம்மாவுக்கு? முந்தின நாளே சமைத்ததைச் சூடாக்குவது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றை மற்றவர்கள் பெயரிட்டுப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். "யாராவது செய்வார்கள்" என்றால் அந்த யாராவது அம்மாவாகத்தான் இருப்பார்.

போதகர், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஞாயிறு உழைப்பு நாள். ஆலயத்தில் ஆசாரியர்கள் ஓய்வுநாளில் வேலை செய்தும் குற்றமில்லாதிருந்தார்கள் என்று மத்தேயு 12:5 சொல்வதால் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் களைப்பு களைப்புதான். வேறொரு நாளைக் குறித்து, அதைச் சபைக்கும் அறிவியுங்கள்.

முதல் சில வாரங்கள் கை பரபரக்கும், எரிச்சல் வரும். சிலர் ஜெபிக்க உட்கார்ந்து தூங்கிவிடுவார்கள். தூங்கட்டும். 1 இராஜாக்கள் 19-இல் சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ் கிடந்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான்.

இவ்வளவு செய்தும் ஆறு நாள் வேலை ஆறு நாளில் அடங்கவில்லையென்றால், சுமையின் அளவே தவறு. மோசே காலை முதல் மாலை வரை தனியாக நியாயம் விசாரித்ததைப் பார்த்த அவன் மாமன் எத்திரோ, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு அதிபதிகளை வைத்துப் பங்கிடச் சொன்னான். ஒரு வாரம் உங்கள் வேலைகளை மணிவாரியாக எழுதிப் பாருங்கள். பிறர் செய்யக்கூடியது, செய்யாவிட்டாலும் குடிமுழுகாதது என்று இரண்டு நிற மையில் குறித்து, ஒவ்வொன்றிலும் ஒன்றை அடுத்த வாரமே விட்டுவிடுங்கள்.

ஒரு வாரம் தவறிப்போனால் அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓய்வெடுத்து ஈடுகட்ட முயல வேண்டாம். முந்தின நாளில் எது செய்யப்படாமல் நின்றது, காகிதமா, சமையலா, அந்த ஒரு வரிச் செய்தியா என்று பார்த்து, அதை மட்டும் ஒரு நாள் முன்னதாக நகர்த்துங்கள்.