குறைந்த செலவில் பல்கலைக்கழக நட்பு

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள் சிலர், கையில் பணமிருந்தால்தான் நாலு பேரோடு பழக முடியும் என்றெண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் நட்புக்குப் பணத்தைவிட நேரமே மிகுதியாகத் தேவைப்படுகிறது. கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பிலோ வேலையிலோ உடனிருக்கும் நேரத்தைவிட, ஓய்வாகப் பேசிக் கழிக்கும் நேரமே நெருக்கத்தை வளர்க்கிறது என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

ஆகவே, வகுப்பு முடிந்ததும் எழுந்து போய்விடாமல், பக்கத்தில் இருப்பவருடன் சிறிது தூரம் நடந்துகொண்டே பேசுங்கள். வாரந்தோறும் தவறாமல் கூடும் மாணவர் மன்றம் ஒன்றில் சேருங்கள்; பல மன்றங்களில் பெயர் கொடுத்து எதற்கும் போகாமல் இருப்பதைவிட, ஒன்றிலேயே தொடர்ந்து முகம் காட்டுவது மிகுந்த பயன் தரும். விடுதியில் தங்குவோர் மாலையில் அறைக் கதவைத் திறந்து வைத்திருக்கலாம்.

“ஒருநாள் சந்திப்போம்” என்று பொதுவாகச் சொல்லாமல், “வியாழன் மாலை ஐந்து மணிக்கு நூலகத்தில் சேர்ந்து படிக்கலாமா?” என்று நாளும் இடமும் குறித்துக் கேளுங்கள்.

செலவு மிகுந்த இடத்துக்கு அழைப்பு வந்தால், பொய்க் காரணம் சொல்லி விலக வேண்டாம். “இந்த மாதம் கையைக் கடிக்கிறது, பூங்காவில் சந்திக்கலாமா?” என்று வெளிப்படையாகக் கேட்பதே நல்லது, அதே நெருக்கடியில் இருந்தும் சொல்லத் தயங்கிய இன்னொருவருக்கும் அது பெரும் ஆறுதலாக இருக்கும்.