வாக்குறுதியை அரசாணை வரை துரத்துவது எப்படி?

வாக்குறுதியை நிறைவேற்றாத கட்சியைத் தண்டிக்க நம் தேர்தல் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. கையில் இருக்கும் ஒரே பிடி, 2006-இல் தி.மு.க. அறிவித்த வண்ணத் தொலைக்காட்சியையும் 2011-இல் அ.தி.மு.க. அறிவித்த மிக்சி, கிரைண்டரையும் எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் கிடைத்தது. 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தகைய வாக்குறுதிகள் ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது; ஆனால் தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி, வாக்குறுதிக்கான பணம் எந்த வழியில் வரும் என்பதைக் கட்சிகள் பொதுவாகவேனும் சொல்ல வேண்டும். அந்த வரி அறிக்கையில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

தேர்தல் நேரத்திலேயே அறிக்கையை முழுதாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேடும்போது அந்த இணைப்பு வேலை செய்யாமல் போகலாம். உங்களுக்கு முக்கியமான நான்கைந்து வாக்குறுதிகளை, எண்ணோடு, சொல் மாறாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு வினைச்சொல்லைப் பாருங்கள். ‘வழங்கப்படும்’ என்பது வாக்கு. ‘பரிசீலிக்கப்படும்’ என்றால் ஒரு கோப்பு திறந்தால் போதும். ‘மத்திய அரசை வலியுறுத்துவோம்’ என்றால் ஒரே ஒரு கடிதத்தில் முடிந்துவிடும். ஏமாற்றத்தில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாகப் படிப்பதால் வருவது.

அடுத்து, கடைசிக் கையெழுத்து யாருடையது என்று கேளுங்கள். நீட் விலக்கு மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. மாநிலம் தனியாக முடிக்க முடியாததை முடிப்போம் என்று சொல்வது, பணம் இல்லாமல் திட்டம் நின்றுபோவதிலிருந்து வேறுபட்ட தவறு. நோட்டில் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது என்றால் அரசாணையைத் தேடுங்கள். மேடைப் பேச்சும் அடிக்கல்லும் கணக்கில் சேராது. மத்திய அரசின் திட்டத்துக்கும் இது பொருந்தும்: மதுரை எய்ம்ஸ் 2015 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அடிக்கல் நட்டது 2019 ஜனவரியில். நிர்வாக ஒப்புதல், நிதி ஒப்புதல், பணி ஆணை ஆகிய மூன்றின் எண்ணும் தேதியும் கையில் இருந்தால்தான் ஒரு திட்டம் நகர்கிறது என்று பொருள். மாநில அரசாணைகள் அரசின் இணையதளத்தில் துறைவாரியாக இருக்கும்.

அரசாணையில் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி ‘தகுதிகள்’. வாக்குறுதி சுருங்குவது அங்கேதான். 2021-இல் தி.மு.க. சொன்னது குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். 2023 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியபோது ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் வந்திருந்தன. வரம்பு வைப்பது நியாயமா என்பது வேறு விவாதம். ஓட்டுக் கேட்டபோது அதைச் சொன்னார்களா என்பதே நோட்டில் எழுத வேண்டிய கேள்வி.

பட்ஜெட்டில் ஒரே திட்டத்துக்கு எதிரே வெவ்வேறு ஆண்டுகளின் தொகை இருக்கும்: முடிந்த ஆண்டின் கணக்கு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. நிதியமைச்சர் வாசிப்பதும் செய்தியாவதும் கடைசித் தொகை. உண்மையில் செலவான தொகை இரண்டு ஆண்டு கழித்துக் ‘கணக்கு’ என்ற பத்தியில் வரும். அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள், நீங்கள் மறக்காதீர்கள். தலைப்பில் தொகை ஆயிரத்தில் உள்ளதா, லட்சத்தில் உள்ளதா என்றும் பாருங்கள். இங்கே தவறி, தவறான குற்றச்சாட்டு எழுதியவர்கள் உண்டு.

இவற்றில் கிடைக்காததைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தமிழக அரசு அலுவலகங்களுக்கு வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது, ஏனெனில் விளக்கம் சொல்வது அவர்கள் கடமையில்லை. ‘இத்திட்டத்துக்கு இந்த நிதியாண்டில் விடுவித்த தொகை, செலவிட்ட தொகை, பணி ஆணையின் நகல்’ என்று, பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். ஒரு மனுவில் ஒரே பொருள் இருக்கட்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அஞ்சல் ரசீதைத் தொலைத்தால் தேதியை நிரூபிக்க முடியாது. உங்கள் எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி எந்த வேலைக்குப் போனது என்பதையும் இப்படியே மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் கேட்கலாம்.

இனி பணத்துக்கு வருவோம். வேட்பாளர் ஒவ்வொருவரும் வேட்புமனுவோடு படிவம் 26-இல் சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் பிரமாணப் பத்திரம் தருகிறார். அது தேர்தல் ஆணையத் தளத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது. சென்ற தேர்தலின் பத்திரத்தையும் எடுத்து இரண்டையும் அருகருகே வையுங்கள். மொத்தச் சொத்து இரண்டு மடங்கானது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பழைய நிலத்தின் சந்தை மதிப்பு ஏறியிருக்கலாம். சர்வே எண்களை ஒப்பிட்டு, புதிதாகச் சேர்ந்தவற்றைப் பிரித்தெடுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் அந்த எண்ணுக்கு வில்லங்கம் பார்த்தால் எப்போது, எந்தத் தொகைக்கு, யாரிடமிருந்து வாங்கினார் என்பது தெரியும்.

அதைவிட முக்கியம் கடன் பட்டியல். வங்கிக் கடன் சாதாரணம். தனியார் நிறுவனமோ தனிநபரோ கோடிக்கணக்கில் கொடுத்திருந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு ஒப்பந்தங்களைப் பற்றிய பத்தியையும் படியுங்கள். இந்தப் படிவத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் ஆகியோரோடு அது நின்றுவிடும். தனியாகச் சம்பாதிக்கும் மகன், மருமகன், தம்பி பெயரில் உள்ளது வராது.

குற்ற வழக்குகளை எண்ணாதீர்கள், பிரிவுகளைப் படியுங்கள். தடையை மீறி மறியல் செய்ததற்கும் நில அபகரிப்புக்கும் எண்ணிக்கையில் வேறுபாடு தெரியாது.

கட்சிக்கு வந்த நன்கொடை இன்னும் சிக்கலானது. 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயரைக் கட்சி ஆணையத்துக்கு அறிக்கையாகத் தர வேண்டும். அதற்குக் கீழே பெயர் தேவையில்லை. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குத் தரும் தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபின், மார்ச் 21 அன்று எண்களோடு கூடிய பட்டியல்கள் வெளியாயின. வாங்கியவர் பட்டியலையும் பணமாக்கிய கட்சியின் பட்டியலையும் பத்திர எண்ணால் பொருத்தினால் யார் யாருக்குக் கொடுத்தார் என்று தெரியும். 1,368 கோடிக்கு வாங்கிய லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் முதலிடம். அதன் பணம் திரிணாமுல் காங்கிரசுக்கும் தி.மு.க.வுக்கும் பல நூறு கோடியாகப் போனது. பட்டியலில் அதிகம் பெற்ற கட்சி பா.ஜ.க. இந்தப் பட்டியல் 2019 ஏப்ரல் 12-இல்தான் தொடங்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

தேர்தல் அறக்கட்டளை வழியாக வரும் பணத்தில் இந்தப் பொருத்தம் நடக்காது. அறக்கட்டளைக்கு யார் தந்தார், அறக்கட்டளை எந்தக் கட்சிக்குத் தந்தது என்ற இரண்டும் தெரியும். பல நிறுவனங்களின் பணம் ஒரே பானையில் கலந்துவிடுவதால், எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. நன்கொடைத் தேதியையும் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த ஒப்பந்தத் தேதியையும் ஒரே தாளில் எழுதலாம். தேதிகள் நெருங்கியிருப்பது கேள்வி கேட்கக் காரணம்; லஞ்சத்துக்கு ஆதாரம் அல்ல. பேசும்போதும் பகிரும்போதும் இந்த எல்லையைத் தாண்டாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

கட்சிகளிடமே தகவல் உரிமை மனு போடலாமா என்றால், ஆறு தேசியக் கட்சிகள் அச்சட்டத்துக்குள் வரும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூனில் சொன்னதைக் கட்சிகள் ஏற்கவில்லை. நேரம்தான் வீணாகும்.

வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் பொய்யோ மறைப்போ கண்டால், வேட்புமனு பரிசீலனைக்கு முன்பே எதிர் பிரமாணப் பத்திரம் கொடுங்கள். அதுவும் பொதுவில் வெளியிடப்படும். பொய்க்காக மனு தள்ளுபடியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பத்தியை வெற்றாக விட்டு, கேட்டபின்னும் நிரப்பாவிட்டால்தான் தேர்தல் நடத்தும் அலுவலர் நிராகரிக்க முடியும். பொய்க்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு, அது நீதிமன்றத்தின் வேலை. வென்றவரின் தேர்தலையே எதிர்க்க அத்தொகுதி வாக்காளரும் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். கெடு, முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள்.