புயல் வருமா, வராதா? கொழும்பு வீட்டுக்காரருக்கான மூன்று நாள் ஆயத்தம்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கதைதான். "தாழமுக்கமாம், வருமோ?" என்று ஒருவர் கேட்பார். இந்தியாப் பக்கம் திரும்பிவிட்டது என்பார் இன்னொருவர். காலையில் சொன்னது மாலையில் மாறியிருக்கும். சரி, வந்தால் பார்ப்போம் என்று எல்லோரும் படுத்துவிடுவோம். அப்படிப் படுக்காமல் புயலுக்கு முந்திய மூன்று நாட்களில் என்ன செய்யலாம் என்பதை, இதுவரை எந்த ஆயத்தமும் செய்து பழகாதவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: அறிவித்தலை வாசிக்கப் பழகுங்கள்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் கையில் கிடைத்ததும் முதலில் அது வெளியான நேரத்தைப் பாருங்கள். நேரமும் திகதியும் இல்லாமல் சுற்றிவரும் படத்தை அழித்துவிடுங்கள். அது போன வருடத்துப் படமாகக்கூட இருக்கலாம்.

அப்புறம் சொற்கள். காற்று மணிக்கு 31 கிலோமீற்றரை எட்டினால் தாழமுக்கம், 50ஐ எட்டினால் ஆழ்ந்த தாழமுக்கம், 62ஐ எட்டினால் சூறாவளி. அப்போதுதான் அதற்குப் பெயர் வைப்பார்கள். பெயர் வரவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே மூழ்கும் அளவுக்குக் கொழும்பில் மழை கொட்டியபோது எந்தச் சூறாவளியும் நகரைத் தாக்கவில்லை.

வரைபடத்தில் புயலின் பாதையைக் கோடாகப் போட்டு, சுற்றிலும் கூம்பு மாதிரி விரித்துக் காட்டுவார்கள். புயலின் மையம் அந்தக் கூம்புக்குள் எங்கேயும் போகலாம் என்று அர்த்தம். மூன்று நாளுக்கு முன்பு போட்ட கோடு நூறு கிலோமீற்றருக்கு மேல் விலகுவதும் உண்டு. நம் தீவின் அகலமே அதிகபட்சம் 225 கிலோமீற்றர்தான். ஆகவே கோடு திருகோணமலைப் பக்கம் போகிறது என்பதால் கொழும்பு தப்பியது என்று முடிவுகட்ட முடியாது. மழையோ அந்தக் கூம்புக்கு வெளியேயும் பெய்யும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி கரைதொட்டது கிழக்கில். களனி ஆறு பெருகி வெள்ளம் வந்ததோ கொழும்பை ஒட்டிய வெல்லம்பிட்டியிலும் கொலன்னாவையிலும்.

படி 2: மூன்று நாள் இருக்கும்போது, வீண்போகாத வேலைகள்

எதிர்வுகூறல் உறுதியாகட்டும் என்று காத்திருந்தால் கடையில் பாணும் தீர்ந்துவிடும், மெழுகுதிரியும் தீர்ந்துவிடும். புயல் வராவிட்டாலும் நட்டமில்லாத வேலைகளை இப்போதே முடித்துவிடுங்கள். பீலியில் அடைத்திருக்கும் இலைகளை அள்ளுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர் தண்ணீர். அது ஓட வழியில்லாவிட்டால் சுவருக்குள்தான் இறங்கும்.

பருப்பு, டின் மீன், கிரீம் கிரேக்கர், பால்மா எல்லாம் எப்படியும் சாப்பிடுகிற சாமான்கள், இரண்டு நாளுக்குக் கூடுதலாக வாங்கி வையுங்கள். டோர்ச்சுக்கு பற்றரியும் இரண்டு மூன்று ஜீவனி பைக்கற்றும் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) வேண்டும். இன்சுலினோ பிரஷர் மாத்திரையோ எடுப்பவர் வீட்டில் இருந்தால் ஒரு வாரத்துக்குக் கணக்குப் பாருங்கள். எனக்குக் கேட்டால் அரிசியைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

படி 3: வானத்தோடு ஆற்றையும் பாருங்கள்

2016 மே மாதம் வெல்லம்பிட்டியில் மாமி வீட்டில் நின்றேன். நாள்கணக்காகப் பெய்த மழை விட்டு வெயில் வந்துவிட்டது. மாமி முற்றத்தில் துணி காயப்போட்டார். அன்றிரவு கட்டில் காலுக்குத் தண்ணீர் வந்தது. களனி ஆற்றின் மேல்பக்க ஊரான ஹங்வெல்லைக்கு மேலே மலைப்பக்கம் கொட்டுகிற மழை ஆறு வழியாகக் கொழும்பை வந்து சேர ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும் என்பது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதனால் நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் களனி ஆற்று நீர்மட்டத்தையும் பாருங்கள். கொழும்புக்கு முக்கியமானது நாகலகம் வீதி அளவுகோல். 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். ஆனால் அதற்கு முன்பே ஹங்வெல்லையில் மட்டம் ஏறத் தொடங்கியிருக்கும். மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் ஹங்வெல்லை ஏறும்போதே சாமான்களைத் தூக்கத் தொடங்குங்கள். இங்கே உங்கள் தலைக்கு மேல் வானம் வெளித்திருந்தாலும் தூக்குங்கள்.

படி 4: புயலுக்கு முந்தின நாள்

பல்கனிப் பூச்சாடிகளையும் தளர்ந்த தகரங்களையும் உள்ளே எடுங்கள். போனையும் பவர் பேங்கையும் முழுதாக சார்ஜ் செய்யுங்கள். கொஞ்சம் காசு கையில் இருக்கட்டும், மின்சாரம் போனால் ஏ.டி.எம்மும் வேலை செய்யாமல் போகலாம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிவீட்டுக்காரருக்கு நாலாம் மாடிக்கு வெள்ளம் வராது என்ற தைரியம் இருக்கும். உண்மைதான். ஆனால் மின்சாரம் போனால் மோட்டர் நிற்கும், கூரைத் தாங்கி காலியாகும், குழாயில் காற்றுத்தான் வரும். லிஃப்டும் ஓடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர் படி குடிக்கவும் சமைக்கவும் மூன்று நாளுக்கு நிரப்பி வையுங்கள். கழிவறைக்கு வாளிகளில் வேறாகப் பிடியுங்கள். படியேற முடியாத வயதானவர் மேல்மாடியில் தனியாக இருந்தால், மழை தொடங்குவதற்கு முன்பே அவர் எங்கே தங்குவது என்று பேசி முடிவெடுங்கள். நிலத்தடியில் நிறுத்திய வாகனத்தை மேட்டுக்கு எடுங்கள். நிலத்தடிக்குள் தண்ணீர் புகத் தொடங்கிய பிறகு அதை எடுக்க யாரும் கீழே போகவே கூடாது.

படி 5: தண்ணீர் வாசலுக்கு வந்தால்

கை காய்ந்திருக்கும்போதே, நீங்கள் காய்ந்த தரையில் நிற்கும்போதே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். காஸ் சிலிண்டரை மூடுங்கள். வெளியேறச் சொன்னால் பகலிலேயே கிளம்புங்கள். கட்டி வைத்த பொலித்தீன் பையும் மருந்தும் கையில் இருந்தால் போதும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸுக்கு 1990. இரண்டையும் போனில் பதிவதோடு ஒரு தாளிலும் எழுதி அதே பைக்குள் போடுங்கள்.

திரும்பி வந்ததும் சுவிட்சைப் போடவேண்டாம், முதலில் எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும். கிணறு இருந்தால் இறைத்துக் குளோரின் இடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். சேறு அள்ள வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வருவது அந்தச் சேற்றிலிருந்துதான். ஒரு வாரம் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நின்றேன் என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.