கை வைக்க விடும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் 16 ஆண்டுகளாக மசாஜ் சிகிச்சை செய்து வருகிறேன். என் அறைக்குப் புதிதாக வருகிறவர்களில், மாற்று மருத்துவர்களுக்கான கவுன்சிலில் நான் பெற்ற பதிவு எண்ணைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கோயிலில் பார்த்த முகம் என்ற நம்பிக்கையில் வந்து படுத்துவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பயமாக இருக்கிறது.

என் பெரியம்மாவும் அப்படித்தான் நம்பினார். மூலிகை நிபுணர் என்று ஒருவர் வீடு தேடி வந்து நாடி பார்த்தார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜாம் பாட்டிலில் கறுப்புப் பொடி ஒன்றைக் கொடுத்துப் போனார். பாட்டிலில் லேபிள் இல்லை. சில வாரங்களில், செருப்பு உரசிய கொப்புளம் ஐந்து ரேண்ட் நாணயம் அளவுக்குப் புண்ணாகிவிட்டது. கால் மரத்திருந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை. காலுறை ஈரமாக இருந்ததைக் கண்டுதான் குனிந்து பார்த்தார். கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: "ஐயா, உங்கள் கவுன்சில் பதிவு எண் என்ன, எந்தத் தொழிலுக்கு?" கூச்சப்படாதீர்கள். முறையாகப் படித்தவர் உடனே சொல்லிவிடுவார். தென்னாப்பிரிக்காவில் 1982ஆம் ஆண்டின் 63ஆம் சட்டப்படி, மாற்று மருத்துவத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் அலைடு ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சில் இயங்குகிறது. ஆயுர்வேதம், ஹோமியோபதி, கைரோபிராக்டிக் (முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் சீராக்கும் சிகிச்சை), சீன மருத்துவம், யுனானி, ரிஃப்ளெக்ஸாலஜி (பாதம், கைகளில் அழுத்தம் கொடுக்கும் சிகிச்சை), சிகிச்சை மசாஜ் உட்பட 11 தொழில்கள் அதன் கீழ் வருகின்றன. பெற்ற எண்ணையும் பெயரையும் கவுன்சிலின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொழிலையும் கவனியுங்கள். ரிஃப்ளெக்ஸாலஜிக்குப் பதிவு செய்தவர் ஆயுர்வேத மருந்து எழுதித் தரக்கூடாது.

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களை எண்ணாதீர்கள். வார இறுதி வகுப்புக்கும் கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹோமியோபதியும் கைரோபிராக்டிக்கும் பல ஆண்டுப் படிப்புகள். எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள், நோயாளிகளைப் பார்த்துப் பயின்றது எங்கே என்று கேளுங்கள்.

நம்மவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த 11இல் சித்த மருத்துவம் இல்லை, கை வைத்து ஆற்றல் தருவதாகச் சொல்லும் ரெய்கியும் இல்லை. சித்தத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இந்தியாவில் அது ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு. தாம்பரத்தில் தேசிய நிறுவனமே இருக்கிறது. ஆனால் அங்கே பெற்ற பதிவு இங்கே தொழில் செய்ய உரிமை தராது. தவறு நேர்ந்தால் சித்த மருத்துவம் பார்த்தவரைத் தட்டிக் கேட்க இங்கே ஒரு கவுன்சில் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மருந்து கொடுத்தால் லேபிளைப் படியுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாஃப்ராவில் பதிவாகாத மாற்று மருந்தென்றால், தரமும் பாதுகாப்பும் மதிப்பிடப்படவில்லை என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். லேபிளே இல்லாததைத் தொடாதீர்கள். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். பாகற்காய்ச் சாறுகூடச் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடும்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்துவிடுங்கள். என்னிடம் வருகிறவர் காலில் ஆறாத புண் இருந்தால் நான் எண்ணெயைத் தொடுவதே இல்லை, கிளினிக்குக்கு அனுப்பிவிடுகிறேன். எதை எப்போது செய்யக்கூடாது என்பதைத்தான் எங்களுக்குப் படிப்பில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள்.

ரசீது, பாட்டில், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் வைத்திருங்கள். பதிவு பெற்றவர் மீது கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பதிவில்லாமல் அந்தத் தொழில்களைச் செய்வது குற்றம், அதற்குப் போலீஸ். பெரியம்மாவின் ஜாம் பாட்டிலை யாரோ கழுவி ஊறுகாய் போட்டுவிட்டார்கள். நாங்கள் புகார் கொடுக்க நினைத்தபோது, காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை.